மறு: வினைல் சைடிங் வெட்டும் கருவிகளுக்குத் தமிழில் என்ன சொல்வது?

டொராண்டோவிலிருந்து:
வணக்கம். இங்கே வீட்டு வெளிச்சுவர் வேலைக்குப் புதிதாக வரும் நம் ஆட்களுக்கு ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சைடிங் (வெளிச்சுவரை மூடும் வினைல் என்ற பிளாஸ்டிக் பட்டை), ஸ்னிப்ஸ் (உறுதியான கைக்கத்தரி), சர்குலர் சா (வட்ட பிளேடு சுழலும் மின் ரம்பம்) மூன்றுக்கும் தமிழ்ச் சொல் சரியாக அமையவில்லை. குறுக்கு வெட்டுக்கு ஸ்னிப்ஸ். நீளவாட்டில் கத்தியால் கீறி, மடித்து ஒடிப்பது. நிறைய வெட்ட வேண்டுமென்றால் சர்குலர் சா. என் வரைவில் சைடிங் 'சுவர்ப்பலகை', ஸ்னிப்ஸ் 'தகரக் கத்தரி'.

தஞ்சாவூரிலிருந்து:
கூரை வேய்வதுபோல் இது சுவரை வேய்வது. 'சுவர்வேய்' என்று அழகாகச் சொல்லலாமே. சர்குலர் சா என்பதற்கு 'வட்ட ஈர்வாள்'. 'உயிர்ஈரும் வாள்' என்று குறள் 334இலேயே இருக்கிறது. ரம்பம் 'அரம்பம்' என்பதன் தேய்வு. அரம், அராவுதல், ஊர்ந்து உராயும் அரவு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. 'தகரக் கத்தரி' கூடாது. வெட்டுவது தகரமே அல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, எங்களுக்கு வாள் என்றாலே தச்சரின் வாள்தான். ஈர் சேர்த்தால் பேன் ஈர்தான் நினைவுக்கு வரும். கடையில் தகரம் வெட்டும் கத்தரி என்று கேட்டால் சரியான சாமானை எடுத்துத் தருவார்கள். அது போதும்.

கோயம்புத்தூரிலிருந்து:
பெயரை விடுங்கள், வரைவில் ஒரு வரி பயமுறுத்துகிறது: 'பிளேடைத் திருப்பி மாட்டவும்.' கழற்றியதை மறுபடி மாட்டச் சொல்வதாகத்தான் எவரும் படிப்பார். வினைலுக்குப் பொடிப்பல் பிளேடின் பல் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தெறித்து உடையும், குளிரில் இன்னும் மோசம். 'பல் வழக்கத்துக்கு எதிர்த்திசை பார்க்கும்படி மாட்டவும்' என்று எழுதுங்கள். அதே பிளேடோடு மரத்தை வெட்டினால் ஆபத்து என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

அப்புறம், 'பலகை' வேண்டவே வேண்டாம். பலகை என்றதும் ஆணியை இறுக அடிப்பார்கள். வினைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஆணி நீள்துளையின் நடுவில், தலைக்கும் வினைலுக்கும் இடையே 1 மி.மீ. அளவு விட்டு நிற்க வேண்டும். முனைகளில் 6 மி.மீ. இடைவெளி, கடுங்குளிரில் பொருத்தினால் 10. அதற்குத் தக்கபடிதான் வெட்டும் அளவும். இது சுவரில் தொங்குகிற பொருள்.

தஞ்சாவூரிலிருந்து:
அதற்காகத்தான் 'வேய்' என்கிறேன். ஓலை இறுகுவதில்லையே.

யாழ்ப்பாணத்திலிருந்து:
வேய் என்றால் எங்கள் ஆட்கள் கூரைக்கு ஏணி வைத்துவிடுவார்கள்.

டொராண்டோவிலிருந்து:
நன்றி. சைடிங்கை அப்படியே விடுகிறேன். தகரக் கத்தரி, வட்ட வாள். பல் பற்றிய வரியைக் கோவை நண்பர் சொன்னபடியே மாற்றிவிட்டேன். பெரும்பாலோர் இதற்கு ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று சைடிங் என்று அச்சேறினால் இனி எந்தச் சொல்லும் அதை அசைக்காது. 'சுவர்வேய்' என்பதைப் பின்னிணைப்பிலாவது சேருங்கள். அரம்பம் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.