எம்ஜிபி ரோட்ஸ்டருக்குப் புது ஹூட் போட வேண்டும்: வினைலா, கான்வாஸா? ஜே.சி. ரோட்டில் தைக்கலாமா?

கேள்வி (காக்ஸ் டவுன், பெங்களூரு)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் இருக்கிறது, மேல் திறந்து ஓட்டும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், மாமனார் ஆசையாக வைத்திருந்த வண்டி. இன்ஜின், பிரேக் எல்லாம் சரியாக இருக்கிறது, பிரச்சினை ஹூட், அதாவது மடக்கி இறக்கும் மேல்கூரை மட்டும்தான். கறுப்பு வினைல், ஓரத் தையல் விட்டுப்போய்விட்டது, பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளாகி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒன்றுமே தெரிவதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, வருஷக்கணக்கில் மடித்தே கிடந்ததால் இப்போது இழுத்து மூடினால் முன் கண்ணாடிச் சட்டத்துக்கு இரண்டு விரல் அகலம் எட்டுவதில்லை. இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினால்தான் கொக்கி மாட்டுகிறது, மாட்டின பிறகும் நல்ல மழை வந்தால் டிரைவர் பக்கம் மேல் மூலையிலிருந்து தண்ணீர் தொடையில் சொட்டுகிறது.

கார் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். சீட் கவருக்குப் போடும் ரெக்சினையே எடுத்துப் போட்டு, இதுவே தாராளமாகப் போதும் சார் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கிலாந்திலிருந்து தைத்ததாகவே வரவழைக்கலாமா, வினைல் நல்லதா கான்வாஸ் நல்லதா, நானே பொருத்த முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (ஜெயநகர்)

தம்பி, பணம் கட்டுவதற்கு முன்னால் ஹூட்டைத் தாங்கும் கம்பி ஃபிரேம் எது என்று பாருங்கள். எம்ஜிபிக்கு மூன்று வகை வந்தது. முழுசாகக் கழற்றி டிக்கியில் வைக்கும் வகை, 1970 வரை வந்த பழைய மடிப்பு ஃபிரேம், அப்புறம் 1971 மாடலிலிருந்து வந்த இத்தாலிய கார் வடிவமைப்பாளர் மிகெலோட்டி வடிவமைத்த மடிப்பு ஃபிரேம். ஒன்றுக்குத் தைத்தது மற்றதற்கு உட்காராது. உங்கள் வண்டிக்கு மூன்றாவதுதான் இருக்க வேண்டும், ஆனால் இத்தனை வயதான வண்டியில் நடுவில் யார் எதை மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. விரித்தும் மடித்தும் போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டு ஆர்டர் கொடுங்கள்.

பழைய ஹூட்டைக் கழற்றின பிறகு ஃபிரேமை மட்டும் நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா, வளைவுக் கம்பி ஏதாவது நெளிந்திருக்கிறதா, கம்பிகளை இடைவெளி மாறாமல் பிடித்து வைக்கும் நாடா தொய்ந்துவிட்டதா என்று பாருங்கள். நாடா தொய்ந்திருந்தால் பின்வளைவு இடம் மாறி நிற்கும், அதன் மேல் எவ்வளவு நல்ல ஹூட்டைப் போட்டாலும் நடுவில் குழி விழுந்து தண்ணீர் தேங்கும். பலரும் துணிக்குச் செலவு செய்துவிட்டு இந்த நாடாவை அப்படியே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆற்றாமை.

எட்டாமல் போனது வினைலின் குணம். விரித்து இழுவிசையில் நிற்க வேண்டிய பொருள், மாசக்கணக்கில் மடித்துப் போட்டால் சுருங்கிவிடும். மத்தியான வெயிலில் காயவிட்டு இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும், ஆனால் தையலே போய்விட்டது என்கிறீர்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால் வினைலே போடுங்கள். கம்பெனியில் வந்ததும் அதுதான், ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும், சூடு பட்டால் இளகிக் கொடுப்பதால் முதல் தடவை பொருத்துகிறவருக்கும் கை வாகாக இருக்கும்.

பதில் 2 (அல்சூர்)

சார், எங்களுக்கு அப்பா காலத்திலிருந்து குஷன் வேலை. சீட் ரெக்சின் வேண்டவே வேண்டாம். அதன் பின்பக்கம் பின்னல் துணி, இழுத்தால் நீளும், நீண்டது திரும்பாது. நாள் முழுக்க வெயிலில் நிற்பதற்குச் செய்ததும் இல்லை. ஓரம் நனைந்தால் பின்பக்கத் துணி தண்ணீரைத் திரி மாதிரி உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும்.

கான்வாஸ் என்று கடையில் சொல்வதிலும் கவனம் வேண்டும். ஹூட்டுக்கென்றே நெய்த துணி மூன்று அடுக்கு: மேலே அக்ரிலிக், நடுவில் ரப்பர், உள்ளே இன்னொரு துணி. தண்ணீரை நிறுத்துவது அந்த நடு ரப்பர்தான். வெயில் மறைப்புக்குப் போடும் ஒற்றை அடுக்கு அக்ரிலிக் பார்க்க அதே மாதிரி இருக்கும், வண்டி ஓடும்போது மழை அறைந்தால் கசியும். வெட்டின ஓரத்தைப் பாருங்கள், நடுவில் கறுப்புக் கோடு தெரிய வேண்டும். மொஹேர் என்று சொல்லி விற்பதும் இப்போது பெரும்பாலும் அக்ரிலிக்தான், ஆட்டு முடி இல்லை.

ஜெயநகர் அண்ணா வினைல் என்கிறார், எனக்கு மூன்றடுக்குத் துணிதான் பிடிக்கும். வினைல் அளவுக்குச் சுருங்காது, மடிப்பில் வெடிக்காது. ஆனால் ஒன்று, வினைல் ஹூட்டில் பின் ஜன்னலைச் சூட்டில் ஒட்ட வைத்துவிடலாம், ஊசித் துளையே இருக்காது. துணியில் தைத்துத்தான் ஆக வேண்டும், தையலுக்குக் கசிவு அடைக்கும் திரவம் பூச வேண்டும். நூல் வெயில் தாங்கும் பாலியஸ்டராக இருக்கட்டும். சாதா நூல் போட்டால் துணிக்கு முன்னால் நூல் மக்கிவிடும், உங்கள் பழைய ஹூட்டில் ஓரம் விட்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இங்கேயே தைப்பதாக இருந்தால் பழைய ஹூட்டைப் பிரித்து அதே அளவுக்கு வெட்ட விடாதீர்கள். அது சுருங்கின அளவு. ஃபிரேமை வண்டியில் மூடி வைத்து அதன் மேலேயே அளவெடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் தைத்ததையே வரவழைப்பது நல்லது. எங்கள் தொழில் என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஃபிரேம் மூன்றாவது வகைதான், நாடாவும் தொய்ந்துதான் இருக்கிறது. வண்டி பெரும்பாலும் ஷெட்டில் நிற்பதால் வினைலே வரவழைக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு சந்தேகம். மூலையில் சொட்டுவது ஹூட் மாற்றினால் நின்றுவிடுமா? பொருத்தும்போது முன்னாலிருந்து தொடங்குவதா, பின்னாலிருந்தா?

பதில் 3 (ஃபிரேசர் டவுன்)

கசிவுக்கு மட்டும் சொல்கிறேன். செய்தித்தாளை நீளமாகக் கிழித்து ஹூட் ஃபிரேமின் முன் சட்டத்து ரப்பர் பீடிங்குக்குக் கீழே வைத்துக் கொக்கியை மாட்டுங்கள், பிறகு மெதுவாக இழுங்கள். பிடிப்பில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுந்தவில்லை. மூலை வரை இப்படியே பாருங்கள். அப்புறம் ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸ் பைப்பில் கீழிருந்து மேலே தண்ணீர் விடட்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எது ஓட்டை என்றே தெரியாது. அந்த மூலையில் முக்கோணக் கண்ணாடியின் ரப்பரும் முன் பீடிங்கும் சந்திக்கும், பெரும்பாலும் குற்றம் அங்கேதான். ஹூட் மாற்றும்போதே இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

பதில் 1 (ஜெயநகர்)

பின்னாலிருந்து தொடங்குங்கள். மார்ச், ஏப்ரல் மத்தியானம் நல்ல நேரம். புது ஹூட்டைக் கொஞ்ச நேரம் வெயிலில் விரித்துப்போட்டு மடிப்புச் சுருக்கம் போன பிறகு எடுங்கள். பின் ஓரத்திலுள்ள உலோகப் பட்டையை வண்டியின் உடம்பில் இருக்கும் இரண்டு கொக்கித் தகட்டில் மாட்டி, நடுத்தையல் வண்டியின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபிரேமின் முன் சட்டத்தை முன் கண்ணாடியில் கொக்கி போட்டுப் பூட்டுங்கள். இப்போது ஹூட்டை முன்னால் இழுத்து, சட்டத்தின் முன் விளிம்பு வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். உடனே பசை தடவாதீர்கள். கொக்கியை விடுவித்து, கோட்டை வைத்துச் சட்டத்தின் மேல் மடித்து, கிளிப் மட்டும் போட்டு மறுபடி மூடுங்கள். மேலே சுருக்கம் இருந்தால் கிளிப்பைக் கழற்றிச் சின்னச் சின்னதாக இழுத்துப் போடுங்கள். ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும், மறுநாள் திறந்து மூடிப் பாருங்கள். கொக்கி ஒரே கையில், கொஞ்சம் அழுத்தத்தோடு விழ வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் தையல்தான் வாங்கும்.

அது சரியான பிறகுதான் பசை. ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டு போங்கள். பீடிங் பட்டையைக் கடைசியில் மாட்டுங்கள். பக்கவாட்டு டிச்சு பட்டன்களுக்குப் பழைய ஹூட்டின் துளையை வைத்துக் குத்த வேண்டாம். உடம்பில் உள்ள குமிழ் நுனியில் சாக்பீஸ் தடவி, இழுத்துப் பிடித்த ஹூட்டை அதன் மேல் அமுக்கினால் புள்ளி விழும், அங்கே குத்துங்கள்.

பதில் 2 (அல்சூர்)

இன்னும் ஒன்று சார். புது ஹூட்டை ஒரு மாசமாவது மடிக்காமல் விரித்தே வைத்திருங்கள். மடிக்கும்போது பின் ஜன்னல் மேல் பழைய ஃபிளானல் துணி வைத்து மடியுங்கள், ஈரமாக இருந்தால் மடிக்கவே கூடாது, பூஞ்சை பிடிக்கும். ஜன்னலுக்கு வீட்டுக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அம்மோனியா பட்டால் பிளாஸ்டிக் மங்கிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். நாடாவுக்கு நல்ல நைலான் பட்டை எங்கள் பக்கம் கிடைக்கிறது, பழையதைக் கழற்றும் முன்னால் கம்பிக்குக் கம்பி இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். அது தொய்ந்த அளவு, தொய்வைக் கழித்து நாடாவைத் தைத்துக் கொடுக்கிறோம்.