கிறிஸ்துமஸ் லீவில் தீம் பார்க்: கோத்தகிரியில் இருந்து எங்கே, எந்த நாள் போகலாம்?

கோத்தகிரி மழை:

எல்லாருக்கும் வணக்கம். பெண்ணுக்கு 12 வயது, பையனுக்கு 6. அரையாண்டுப் பரீட்சை 23ஆம் தேதி முடிகிறது. போன வருடமே தீம் பார்க் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி ஏமாற்றியாயிற்று, இந்த வருடமும் நழுவினால் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

எங்கள் நிலவரம் இதுதான். 24 ராத்திரி ஆராதனை, 25 மதியம் சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, 31 ராத்திரி திரும்பவும் சர்ச். ஆக 26 முதல் 30 வரைக்கும்தான் எங்களுக்கு நாள். சொந்தமாக ஒரு பழைய ஆல்ட்டோ, டிஎன் 43, நீலகிரிப் பதிவு வண்டி. இவர் நன்றாக ஓட்டுவார், ஆனால் ஒருமுறை மஞ்சு மூடி ரோடே தெரியாமல் மாட்டிக்கொண்டதில் இருந்து இருட்டிய பிறகு காட் ரோட்டில் ஏற மாட்டேன் என்று பிடிவாதம். மாமியாருக்கு 66 வயது, முட்டி வலி. "நான் எதுக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்கிறார், அந்தத் தொனியை நான் சொல்லத் தேவையில்லை.

பெண்ணின் வகுப்பில் யாரோ சென்னைக்குப் பக்கத்தில் இள்ளலூரில் புதிதாகத் திறந்த வொண்டர்லாவைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், அதுதான் வேண்டுமாம். நீலகிரி எக்ஸ்பிரஸில் பார்த்தேன், வெயிட்டிங் லிஸ்ட் நீளத்தைக் கண்டதும் மூடி வைத்துவிட்டேன். மிச்சம் இருப்பது மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், பெங்களூர் பக்கம் பிடதி வொண்டர்லா, கொச்சி வொண்டர்லா. கிறிஸ்துமஸ் வாரம் கீழே இருக்கிற ஊரெல்லாம் மேலே ஏறுகிறதே, நாம் மட்டும் கீழே இறங்கினால் என்ன கேடு என்கிறார் இவர். கூட்டம் எப்படி இருக்கும்? போனவர்கள் சொல்லுங்கள்.

பர்லியார் வளைவு:

சகோதரி, முதலில் நாளை முடிவு பண்ணுங்கள், பார்க்கை அப்புறம் பார்க்கலாம். நான் டாக்சி ஓட்டுகிறேன், இந்த வாரம் முழுக்க மேலும் கீழும் போய் வருவதுதான் என் பிழைப்பு.

இந்த முறை கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை. வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் ஞாயிறு வரை நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும், ஆபீஸ் போகிறவர்கள் யாரும் அதை விட மாட்டார்கள். அதனால் 26, 27, 28 மூன்றையும் அடித்துவிடுங்கள். 31 உங்களுக்கே ஆகாது. மிஞ்சுவது 29 திங்கள், 30 செவ்வாய். பிள்ளைகளுக்கு அப்போதும் லீவுதான், ஆனால் அப்பாக்களில் பாதிப் பேர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். கூட்டம் இருக்காது என்று சொல்லவில்லை, நிற்க இடம் இருக்கும் என்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. காலையில் டூரிஸ்ட் வண்டி எல்லாம் ஏறும், நீங்கள் இறங்குவீர்கள், உங்கள் பக்கம் காலியாக இருக்கும். சாயங்காலம் அவர்கள் இறங்குவார்கள், நீங்கள் ஏறுவீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ரோட்டின் அகலம் உங்களுக்குத் தெரியும். சமவெளியில் இருந்து வருகிறவருக்கு ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பதே தெரியாது, வளைவில் நடு ரோட்டைப் பிடித்துக்கொண்டு வருவார், இரண்டாவது கியர் என்று ஒன்று இருப்பதையும் மறந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார். ஒரு வண்டி பிரேக் புகைந்து நின்றால் போதும், பின்னால் இருக்கிற மொத்த வரிசையும் நிற்கும். அதனால் எந்தப் பார்க் என்றாலும் நான்கு மணிக்குக் கேட்டை விட்டு வெளியே இருங்கள். குஞ்சப்பனையைத் தாண்டும்போது வெளிச்சம் இருக்க வேண்டும், மஞ்சு மட்டும் இல்லை, யானையும் உண்டு.

பிளாக் தண்டர் என்றால் உங்களுக்கு ஒரு வசதி. கோத்தகிரி ரோடும் குன்னூர் ரோடும் சேருகிற ஓடந்துறையில் குன்னூர் ரோட்டுப் பக்கம் திரும்பினால் போதும், மேட்டுப்பாளையம் டவுனுக்குள் நுழையவே வேண்டாம். நுழைந்தால் அரை மணி நேரம் போயிற்று.

இன்னொன்று, உங்கள் வண்டி டிஎன் 43 என்பதால், மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு வேண்டிய இ-பாஸ் கவலை இல்லை. மச்சான் வண்டி, கோயம்புத்தூர் டாக்சி என்று மாற்றினால் திரும்பி வர இ-பாஸ் வேண்டும், அதைக் கீழேயே போட்டுவிடுங்கள். கீழே வாங்கின பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் செக்போஸ்டுக்கு முன்னாலேயே விட்டுவிடுங்கள். உள்ளூர்க்காரர் என்று சொன்னால் அதற்கு விலக்கு கிடையாது.

குன்னூர் அக்கா:

மேலே அண்ணன் ரோட்டைச் சொல்லிவிட்டார், நான் துணியைச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள், பாதி நாளைக் கெடுப்பது அதுதான்.

போன வருடம் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பார்க்குக்குப் போனேன், பேர் வேண்டாம். காட்டன் சுடிதாரில் தண்ணீர் ரைடுக்கு விட மாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். காட்டன் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சறுக்கும்போது மாட்டிக்கொள்ளும், நூல் பிரிந்து தண்ணீரில் கலக்கும், அவர்கள் தரப்பில் நியாயம்தான். ஆனால் அங்கேயே உள்ளே இருக்கிற கடையில் நைலான் டிரெஸ் வாங்கின விலையை என் வீட்டுக்காரரிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. முன்னாடியே வாங்கி வைத்துவிடுங்கள், நைலான் அல்லது லைக்ரா, ஜிப்போ உலோகப் பட்டனோ இல்லாமல்.

அப்புறம் குளிர். டிசம்பரில் மேட்டுப்பாளையத்தில் வெயில் இதமாக இருக்கும், பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரவே வராது. நனைந்த தலையோடு காரில் ஏற்றி, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் மேலே வந்து கோத்தகிரிப் பனியில் இறக்கினால் மறுநாள் இருமல் நிச்சயம். பனி விழுகிற மாசம் இது. அதனால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீரை முடித்துவிடுங்கள், தலையை நன்றாகத் துவட்டி, காய்ந்த உடுப்பு, ஸ்வெட்டர், குல்லா எல்லாவற்றையும் கீழேயே போட்டுவிட்டு ஏறுங்கள். வேர்க்கும், கத்துவார்கள், விடாதீர்கள்.

கடைசியாகச் சாப்பாடு. வெளிச் சாப்பாடு பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள். மதியம் தயிர் சாதம் மாதிரி ஏதாவது போதும். என் சின்னவன் சாயங்காலம் ஐஸ்கிரீமும் சிக்கனும் சேர்த்து அடித்துவிட்டு ஒன்பதாவது வளைவில் மொத்தத்தையும் காருக்குள் கக்கினான். சீட் கவரை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

உங்கள் பெண்ணின் உயரம் என்ன? வயதை யாரும் கேட்க மாட்டார்கள், உயரம்தான் கணக்கு. வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், அதற்கு மேல் 140 வரை குழந்தை டிக்கெட். பயங்கரமான ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. இருந்தால்தான் விடுவார்கள். ஷூ இல்லாமல் சுவரில் நிற்க வைத்து அளந்துவிட்டு அப்புறம் ஊரை முடிவு பண்ணுங்கள்.

மைசூர் பக்கம்:

கூடலூர்க்காரன், வேலை மைசூரில். பிடதிக்கு யாரும் பேசாததால் நான் பேசுகிறேன்.

அது பெங்களூர் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் ஊருக்குள் போகவே வேண்டாம், மைசூர் ரோட்டிலேயே, பெங்களூருக்கு முன்னாலேயே வந்துவிடும். இன்னொரு விஷயம், கர்நாடகாவில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய லீவு தசராவில்தான், கிறிஸ்துமஸுக்கு நம் ஊர் மாதிரி எல்லாப் பள்ளியும் ஒரேயடியாக மூடுவது இல்லை. அதனால் 29, 30 தேதிகளில் இங்கே பள்ளிப் பிள்ளைக் கூட்டம் கொஞ்சம் குறையும். ஐடி கம்பெனிக்காரர்கள் வருடக் கடைசி லீவில் வருவார்கள், அது வேறு கணக்கு.

ஒரே நாளில் போய்த் திரும்புகிற வேலை இல்லை. கோத்தகிரியில் இருந்து ஊட்டி, கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டல்பேட்டை, மைசூர். காட்டு ரோடு ராத்திரி 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். அதனால் 28 மைசூரில் தங்கல், 29 காலையில் பிடதி, திரும்பி வந்து மறுபடி மைசூரில் தங்கல், 30 வீடு. 28 ஞாயிறு என்பதால் சாயங்காலம் அரண்மனை விளக்கு அலங்காரமும் கிடைக்கும், பாட்டிக்கு அது பிடிக்கும். 30 செவ்வாய், மிருகக்காட்சிசாலைக்கு வழக்கமாக லீவு நாள், அதை நம்பி வராதீர்கள். இவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் மைசூரிலேயே ஜிஆர்எஸ் ஃபேண்டஸி பார்க் இருக்கிறது, சின்னப் பையனுக்கு அதுவே தாராளம்.

டிக்கெட்டை ஆன்லைனில் முன்னாடியே போடுங்கள். வரிசையில் நிற்காமல் போகிற ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட் சாதாரண நாளில் தண்டச் செலவு. கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் யோசிக்கலாம், அதுவும் பெரிய ரைடில் ஏறுகிற உயரம் உள்ளவருக்கு மட்டும்.

பர்லியார் வளைவு:

கொச்சியை நீங்களாகவே விட்டுவிடுங்கள் சகோதரி. கேரளாவில் கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் பத்து நாள் மூடுவார்கள், அத்தனை பிள்ளைகளும் அங்கேதான். போதாததற்கு மண்டல பூஜை சமயம், வாளையார் தாண்டினால் ரோடு நிறைய சபரிமலை வண்டி.

மைசூர்த் தம்பி சொல்வது நல்ல பிளான்தான், ஆனால் இரண்டு ராத்திரி ரூம், பெட்ரோல், டோல் எல்லாம் பார்க் டிக்கெட்டுக்கு மேல் தனிச் செலவு. ஆறு வயதுப் பையனுக்கு அலைக்குளம் எந்த ஊரில் இருந்தாலும் அலைக்குளம்தான்.

கோத்தகிரி மழை:

எல்லாருக்கும் நன்றி. அளந்தோம். 138. இரண்டு தடவை அளந்தோம், இரண்டாவது தடவை குதிகாலைத் தூக்கிக்கொண்டு 141 காட்டினாள், செல்லாது என்று அப்பா சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். பிறகு அவளே வெளியே வந்து, பெரிய ரைடில் ஏற விட மாட்டார்கள் என்றால் அவ்வளவு தூரம் போய் என்ன பண்ணுவது, இப்போதைக்கு மேட்டுப்பாளையம், மே மாதம் பிடதி என்று ஒப்பந்தம் போட்டுவிட்டாள். எழுதி வாங்கிக்கொண்டாள்.

29 திங்கள், பிளாக் தண்டர். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, மாமியாரைக் காரமடையில் அவருடைய தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் பார்க்குக்குத் திரும்புவது என்று நினைத்திருந்தோம். டவுனுக்குள் அரை மணி போனாலும் பரவாயில்லை, முட்டி வலியோடு அவரை வெயிலில் நாள் முழுக்க உட்கார வைக்க மனசு வரவில்லை. சொன்னதற்குச் சரி என்று தலையாட்டினார்.

இன்று காலை பார்த்தால், பெரியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரி நைலானில் டிரெஸ் கிடைக்குமா என்று என் பெண்ணிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறார். குன்னூர் அக்கா, அது எங்கே கிடைக்கும்?