அப்பா விட்டுப்போன சிறுத்தைத் தலை: பெங்களூரில் பாடம் செய்பவர் இருக்கிறாரா?

காக்ஸ்டவுன்வாசி:

வணக்கம். தாத்தா குடகில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது எழுத்தராக இருந்தவர், துரையோடு வேட்டைக்கும் போவாராம். அவர் சுட்ட சிறுத்தையின் தலையும் ஒரு காட்டெருமைத் தலையும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கின்றன. இரண்டும் மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்து கொடுத்துவந்த வான் இன்ஜன் நிறுவனத்தில் பாடம் செய்தவை. பலகைக்குப் பின்னால் அவர்கள் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். காரியத்துக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் கவனித்தோம். சிறுத்தையின் இடது காது நுனி உதிர்ந்திருக்கிறது, மூக்கோரம் வெடித்து உள்ளே பழுப்பாகக் காகிதம் மாதிரி ஏதோ தெரிகிறது. கீழே சோபாவில் தவிடு போலத் தூள். காட்டெருமைக்கு ஒரு கண் ஆடுகிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே சரிசெய்து கொடுக்க ஆள் உண்டா? எவ்வளவு கேட்பார்கள்? சென்னையில் இருக்கும் அண்ணன் சிறுத்தை தனக்கு வேண்டும் என்கிறார், ரிப்பேர் செய்து பேக்கர்ஸ் மூலம் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அப்பா பெயரில் 1970-களில் வாங்கிய வனத்துறைச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. ஒரு ஜோடி கடமான் கொம்பும் உண்டு, அது அந்தச் சான்றிதழில் இல்லை.

சிவாஜிநகர்_பாய்:

எங்கள் ஏரியாவில் தோல் வேலை செய்பவர்கள் நிறைய. ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் ஆன்லைனில் போட்டுப் பாருங்கள் ப்ரோ, கஃபே வைத்திருப்பவர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள்.

மல்லேஸ்வரம் கோமதி:

தம்பி, மேலே சொன்ன இரண்டையும் செய்துவிடாதீர்கள். விற்பதற்குச் சான்றிதழ் இருந்தாலும் அனுமதி கிடையாது, விளம்பரம் போட்டாலே வழக்கு. நான் ஒரு கல்லூரி விலங்கியல் துறை மியூசியத்தைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவள். எங்கள் வீட்டிலும் மாமனார் காலத்துத் தலை ஒன்று சான்றிதழோடு இருக்கிறது. அதனால் இந்த அலைச்சல் எனக்குப் புதிதில்லை.

முதலில் காகிதம். அப்பா தவறிய நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள், இது எனக்கு வாரிசாக வந்தது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுதிக்கொடுக்க வேண்டும். 2002-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதி இது. போன மாதம்தான் என்கிறீர்கள், நாள் இருக்கிறது. எங்கள் மல்லேஸ்வரம் பதினெட்டாவது கிராஸில் இருக்கும் வனத்துறைத் தலைமை அலுவலகமான அரண்ய பவனுக்கு இந்த வாரமே போங்கள். பழைய சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நாலு பக்கமும் எடுத்த போட்டோ. பலகைக்குப் பின்னால் உள்ள சீட்டையும் படம் எடுங்கள், அதைச் சுரண்டிவிடாதீர்கள். எந்தத் தலை எந்தச் சான்றிதழுக்கு உரியது என்று காட்ட அந்த மாதிரிச் சீட்டுதான் உதவும்.

ஆள் விஷயம். வான் இன்ஜன் 1999-லேயே மூடியாயிற்று. அதை நடத்திய சகோதரர்களில் கடைசியாக இருந்த ஜூபர்ட் 2013-ல் நூறு வயதில் போய்ச் சேர்ந்தார். மும்பை போரிவலி தேசியப் பூங்காவில் 2009-ல் ஒரு மையம் தொடங்கினார்கள், ஆனால் அது பூங்காக்களில் இறந்த விலங்குகளை அரசு அனுமதியோடு பாடம் செய்யும் இடம். உரிமம் இல்லாமல் பாடம் செய்யும் தொழிலே நடத்தக்கூடாது. எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் சிறுத்தைத் தலையை ரிப்பேருக்கு வாங்கி வைத்துக்கொள்பவரும் மாட்டிக்கொள்வார். "நான் பண்ணித் தரேன் சார், யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். எனவே விலை பேசுவது பிறகு. அரண்ய பவனில் மனு கொடுக்கும்போதே பழுது பார்க்கவும் அனுமதி கேட்டு, யாரிடம் கொடுக்கலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது. உள்ளே தெரிவது காகிதக் கூழ் வார்ப்புதான், வான் இன்ஜன் அச்சு அப்படித்தான். மழைக்காலத்தில் தோல் ஈரம் உறிஞ்சி உப்பும், வெயிலில் இறுகும், உள்ளே இருக்கும் வார்ப்பு அசையாது. அந்த இழுபறியில்தான் மூக்கும் உதடும் வெடிக்கின்றன. வெளிச்சுவரில் மாட்டியிருந்தால் கழற்றி உள்சுவருக்கு மாற்றுங்கள். வெடிப்பில் எம்-சீல் அடைக்க வேண்டாம், அது கல்லாகிவிடும், அடுத்த கோடையில் அதன் ஓரத்திலேயே தோல் கிழியும்.

அந்தத் தவிட்டுத் தூளை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி லென்ஸில் பாருங்கள். புழு உரித்துப்போட்ட, மயிர் முளைத்த சின்னச் சின்ன சட்டைகள் கிடந்தால் தோல் தின்னும் வண்டின் புழு உள்ளே இருக்கிறது. அந்துருண்டை அதை விரட்டலாம், உள்ளே இருப்பதைக் கொல்லாது. மியூசியங்களில் பாலித்தீனில் சுற்றி மைனஸ் இருபது டிகிரியில் உறைய வைப்பார்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் பூச்சி வராமல் இருக்க ஆர்சனிக் சோப்புதான் தடவுவார்கள். கையுறை, மாஸ்க் இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. ஈரத் துணி வேண்டாம். மென்மையான பெயின்ட் பிரஷால் மயிர் போகும் திசையில் தட்டி, வேக்குவம் முனையில் நைலான் வலை கட்டித் தூசியை இழுங்கள். சோபா உறையைத் தனியாகத் துவையுங்கள்.

காக்ஸ்டவுன்வாசி:

நன்றி அம்மா. லென்ஸில் பார்த்தேன், சட்டை இருக்கிறது. காது மட்டும்தான், காட்டெருமையில் இல்லை. அண்ணனிடம் என்ன சொல்வது? கொம்பை என்ன செய்வது?

மல்லேஸ்வரம் கோமதி:

இன்றைக்கே இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள். சிறுத்தையைப் பாலித்தீனில் இறுக்கக் கட்டுங்கள்.

அண்ணனுக்கு: இருவரும் வாரிசு என்பதால் யார் பெயரில் என்பதை இப்போதே முடிவு செய்து மனுவில் எழுதுங்கள். சென்னைக்குக் கொண்டுபோக இங்கே அனுமதி வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த முப்பது நாளுக்குள் தமிழ்நாட்டு அதிகாரியிடமும் தெரிவிக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் எந்த பேக்கர்ஸும் எடுக்கக்கூடாது.

கொம்புதான் சிக்கல். கணக்குக் காட்டாதவர்களுக்கு 2003-ல் ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள், அக்டோபரோடு முடிந்தது. ஒரு டிவி ஷோக்காரர் புலிநகம் போட்டுக் கைதானாரே, அதற்கப்புறம் 2024 தொடக்கத்தில் கர்நாடக அரசு இந்த மாதிரிப் பொருட்களை ஒப்படைக்க மூன்று மாதம் கொடுத்தது. அதுவும் போயிற்று. கொம்பைத் தூக்கிக்கொண்டு நேராகப் போகாமல், வன வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் பேசி, அவர் எழுதும் கடிதத்தோடு ஒப்படையுங்கள். குப்பையில் போடுவது, சொந்தக்காரருக்குக் கொடுப்பது இரண்டும் வேண்டாம்.

சான்றிதழ் உள்ள தலைகளும் பாரம் என்று பட்டால், 2022 திருத்தத்துக்குப் பிறகு அவற்றையும் விருப்பப்பட்டு ஒப்படைக்கலாம். பைசா தரமாட்டார்கள். சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால், வீட்டில் வைக்க அண்ணி சம்மதிக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆர்சனிக் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லி.