இன்னும் அரை மணி நேரம்: மாலை விமானத்துக்குக் காத்திருந்தவர்களின் அனுபவங்கள்

மதுரை உறுப்பினர்

அலுவலக வேலையாக மாதம் இருமுறை சென்னைக்கு வந்து போகும் நான், ஐந்து ஆண்டுகளாக மாலை விமானத்தில்தான் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறேன். இறக்கையில் சுழல்விசிறி பொருத்திய ஏடிஆர் ரக விமானம், 78 இருக்கைகள், அட்டவணையில் ஒரு மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்தாலும் வானில் இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். தாமதம் எந்த வாகனத்துக்கும் நேரும். அதை எங்களிடம் சொன்ன விதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை அது. மறுநாள் காலை ஏழரைக்குமேல் ஒன்பதுக்குள் என் தங்கை மகளுக்குக் காதணி விழா. குழந்தையைத் தாய்மாமன் மடியில் அமர்த்தித்தான் காது குத்த வேண்டும். தங்கைக்கு அண்ணன் என்று இருப்பவன் நான் ஒருவன். 6.50 மணி விமானத்துக்கு ஐந்தேகாலுக்கே சென்று, சீர்வரிசைப் புடவைகள் இருந்த பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்புச் சோதனை முடித்து உட்கார்ந்தேன். 6.10க்கு வந்த குறுஞ்செய்தி, விமானம் 7.20க்குப் புறப்படும் என்றது. அடுத்தது 7.50 என்றது, அதற்கடுத்தது 8.20, பிறகு 8.45. கடைசியாக வந்த நேரத்தைக் கணக்குப் பார்த்த பக்கத்து இருக்கைப் பெரியவர், ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடத் தாமதம் என்றும், இரண்டு மணி நேரத்தைத் தொட்டால் சிற்றுண்டி கொடுக்க வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதி என்றும் சொல்லிச் சிரித்தார். அது தற்செயலாகவும் இருக்கலாம்.

எட்டு மணிக்கு நான் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் நேரடியாகவே கேட்டேன். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ரயில் நிலையம். அங்கிருந்து மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தம் தாம்பரம். பாண்டியன் விரைவு ரயில் அங்கே பத்து மணிக்குச் சற்றுப் பிறகுதான் வரும். முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு போனாலும் விடியும்போது மதுரையில் இருப்பேன். "விமானம் நிச்சயமாகப் போகுமா, நான் ரயிலுக்குப் போய்விடட்டுமா?" என்ற என் கேள்விக்கு, "விமானம் வந்துகொண்டே இருக்கிறது, சார். இன்னும் அரை மணி நேரம்தான்" என்று அவர் பதில் சொன்னார். ஒன்பது மணிக்கு வெந்நீர் ஊற்றிய கோப்பை உப்புமாவும் பழச்சாறும் கொடுத்தார்கள். பத்தே முக்காலுக்கு விமானம் ரத்து என்று அறிவித்தார்கள். பாண்டியன் அப்போது செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும்.

பெட்டி திரும்பக் கைக்கு வர ஐம்பது நிமிடம் ஆனது. முன்பின் அறியாத மூவரோடு சேர்ந்து ஒரு வாடகைக் கார் பிடித்து, விடிய விடிய 460 கிலோமீட்டர் ஓடி, ஏழு மணிக்கு மண்டபத்தை அடைந்து, குளிக்காமலேயே வேட்டி மாற்றிக்கொண்டு குழந்தையை மடியில் வாங்கினேன். சீட்டுக் கட்டணம் முழுவதும் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தது. முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால், ஒன்று முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு ரூ.7,500 அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதை இழப்பீடாகத் தர வேண்டும் என்று விதி சொல்வதாக அறிந்து, மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் பதிந்தேன். வேறோர் ஊரில் நிலவிய வானிலை காரணம் என்றும், அசாதாரணச் சூழலுக்கு இழப்பீடு கிடையாது என்றும் பதில் எழுதிப் புகாரை முடித்துவைத்தார்கள். அன்று சென்னையிலும் மதுரையிலும் நட்சத்திரங்கள் தெரிந்தன.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

கோவை உறுப்பினர்

என்னுடைய அனுபவத்தில் வானிலை உண்மையான காரணம்தான், ஆனால் அந்த வானிலையை உண்டாக்கியவர்கள் நாமே. போகிப் பண்டிகை காலையில் சென்னையின் தெருக்களில் பழைய பாயும் டயரும் எரிகிற புகை மார்கழிப் பனியோடு கலந்து ஓடுபாதையை மறைத்துவிடும் என்பது பல ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்ததே. 2018ஆம் ஆண்டுப் போகியன்று ஏராளமான விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இவ்வளவு தெரிந்திருந்தும் அதே நாளில் கோவையிலிருந்து அதிகாலை விமானத்துக்குச் சீட்டு எடுத்த என் புத்தியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் பத்தரை மணிக்குப் பறந்தேன். அவர்களும் அரை மணி அரை மணியாகத்தான் நீட்டினார்கள். முந்தைய மாலையே 'நாளை காலை புகைமூட்டம் எதிர்பார்க்கப்படுகிறது, விரும்புவோர் பத்து மணி விமானத்துக்கு மாறிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி அனுப்பியிருந்தால், பாதிப் பேர் போர்வைக்குள் இருந்திருப்போம்.

நாகர்கோவில் உறுப்பினர்

தாமதம் எல்லோரையும் ஒரேபோல் பாதிப்பதில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபரிசோதனைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்று, தூத்துக்குடி விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். சக்கர நாற்காலி முன்பே பதிவு செய்திருந்தேன். அதைத் தள்ளி வந்த இளைஞர் எங்களை வாயிலருகே விட்டுவிட்டு, மிகுந்த பணிவோடு, "அடுத்த விமானத்துக்கு ஆள் இல்லை, அக்கா. நேரமாகும்போது வந்துவிடுவேன்" என்று சொல்லிப் போனார். அந்த நேரம் மூன்று மணி நேரம் தள்ளிப்போனது. இரண்டு முறை அப்பாவைக் கழிப்பறைக்கு நானே தள்ளிச் சென்றேன். ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று, உள்ளே போகிற யாரிடமாவது "கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், அண்ணா" என்று கேட்க வேண்டியிருந்தது. அப்பா இரண்டாம் முறைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். மாத்திரையையே வாயில் வைத்துக்கொண்டு வெறுமனே விழுங்கினார்.

அன்று தாமதத்துக்கு என்ன காரணம் என்று எனக்கு நினைவில்லை. நேரம் சரியாகத் தெரிந்திருந்தால் வெளியே வந்து ஓர் அறை எடுத்து அவரைப் படுக்க வைத்திருப்பேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தூத்துக்குடி உறுப்பினர்

நல்ல அனுபவம் ஒன்றையும் பதிந்துவிடுகிறேன், ஏனெனில் அதுவும் தாமதத்தின் கதைதான். புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்படுவதற்கு முன்பு எங்கள் ஊர் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,350 மீட்டர்தான். அதனால் இத்தகைய சிறு விமானங்கள் மட்டுமே வந்து போயின. காற்று குறுக்கே பலமாக வீசினால் அந்தச் சிறிய பாதையில் இறங்குவது கடினம். ஒருநாள் மதியம் இரண்டு முறை தாழ்ந்து வந்து, இரண்டு முறையும் மேலே ஏறிய பின், விமானி தமிழிலேயே பேசினார். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, எரிபொருள் இன்னும் எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும், இருபது நிமிடம் வட்டமிட்டுப் பார்த்துவிட்டு முடியாவிட்டால் மதுரைக்குப் போய்விடுவார் என்று எல்லாவற்றையும் சொன்னார். சொன்னபடியே மதுரையில் இறக்கினார். அங்கே தரையில் நின்றபோதும் கதவருகே வந்து நின்று, பேருந்தில் போக விரும்புகிறவர்கள் யார், காற்று தணியும்வரை காத்திருக்க விரும்புகிறவர்கள் யார் என்று கேட்டார். நாங்கள் பதினெட்டுப் பேர் பேருந்தில் போனோம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத்தான் வீடு சேர்ந்தேன், ஆனாலும் விமானத்தில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை.

முன்னாள் தரைப்பணியாளர்

மதுரை நண்பர் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் இடத்தில் ஆறு ஆண்டுகள் நின்றவன் நான். உங்களைப் பொய் சொல்லி உட்கார வைக்க வேண்டும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. வேறோர் ஊரில் இருக்கும் கட்டுப்பாட்டு அறை, கணினியில் புறப்படும் நேரத்தை மாற்றும். எங்கள் திரையில் தெரிவது அந்த நேரம் மட்டும். காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்று இருக்கும்.

அந்தச் சொல்லுக்குள் இருப்பது இதுதான். ஓர் ஏடிஆர் விமானம் ஒரு நாளில் ஐந்தாறு தடவை, சில நாள் அதற்கும் மேலே, ஊர் ஊராகப் போய்த் திரும்பும். ஓர் ஊரில் இறங்கி, ஆட்களை இறக்கி, பெட்டிகளை மாற்றி, எரிபொருள் நிரப்பி மீண்டும் கிளம்ப அரை மணி நேரம்தான் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் எங்கேயோ விழுந்த நாற்பது நிமிடத்தை அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஈடுகட்ட முடியாது. அது வளர்ந்துகொண்டேதான் போகும். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில், தாமதங்களுக்கான காரணங்களில் முதலிடத்தில் இருப்பது வழக்கமாக இந்தத் தொடர்விளைவுத் தாமதமே. பதினைந்து நிமிடத்துக்குள் இருந்தால் அதைத் தாமதமாகவே அவர்கள் எண்ணுவதில்லை. மாலையாகும்போது இன்னொரு சிக்கலும் சேரும்: விமானிகளின் பணிநேர வரம்பு முடிந்துவிட்டால், விமானம் கண்ணெதிரே நின்றாலும் அதை ஓட்ட ஆளிருக்காது. வெள்ளிக்கிழமை இரவில் மாற்று விமானிகளை உடனே வரவழைப்பது எளிதன்று. பத்தே முக்காலுக்கு வந்த ரத்து அறிவிப்புக்குப் பின்னால் அதுதான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஏன் மூன்று மணி நேரம் என்று முதலிலேயே சொல்வதில்லை என்ற கேள்வி நியாயமானது. சொன்னால் பயணிகள் வெளியே போய்விடுவார்கள். மாற்று விமானம் கிடைத்து ஒன்றரை மணியில் கிளம்ப நேர்ந்தால் அவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நெடுந்தாமதம் வரும் என்று தெரிந்தால் மூன்று மணி நேரத்துக்குமேல் தாமதமாகக்கூடிய விமானத்தை முன்கூட்டியே ரத்து செய்யலாம் என்று 2024 ஜனவரியில் இயக்ககமே வழிகாட்டுதல் கொடுத்தது. அதைச் செய்தால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். அரை மணி அரை மணியாக நீட்டினால் தர வேண்டியதில்லை.

ஒரே ஒரு நாள் மட்டும் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னோம். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் கணினிகள் முடங்கியபோது, திரையில் எதுவும் தெரியாததால் பயணிகளுக்குப் பேனாவால் ஏறுசீட்டு எழுதிக் கொடுத்தோம். "எங்களுக்கும் எதுவும் தெரியாது, ஐயா" என்று அன்று கூசாமல் சொன்னேன். என் பணிக்காலத்தில் பயணிகள் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்ட நாள் அதுதான்.

விருதுநகர் உறுப்பினர்

சட்டத்தில் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உணவுக்கான விதி பயணத்தின் நீளத்தைப் பொறுத்து மாறுகிறது: இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு இரண்டு மணி நேரத் தாமதம், ஐந்து மணி நேரம் வரையிலானதற்கு மூன்று மணி நேரம். ஆனால் தாமதத்துக்காகச் சீட்டை விட்டுவிட்டு முழுப்பணத்தையும் கேட்கும் உரிமை, உள்நாட்டுப் பயணம் எவ்வளவு சிறியதானாலும், தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால்தான் பிறக்கிறது. எழும்பூரிலிருந்து நாகர்கோவில் செல்லும் வந்தே பாரத் ரயில் ஆறு மணி நேரத்துக்குள் மதுரையை எட்டிவிடுகிறது. ஒரு மணி நேர விமானத்துக்கு ஆறு மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்று விதி எழுதியவர்கள் டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே பறப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் போலும்.

புகார் செய்கிறவர்கள் குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். விமான நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஓடும் நேரத்தையும் படம் எடுத்து வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மதுரை நண்பருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

திருச்சி உறுப்பினர்

எல்லாம் சரி, நான்கு மணி நேரத்தில் ரயில் போகும் ஊருக்கு விமானம் எதற்கு என்று என் மனைவி கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. உள்நாட்டு முனையத்தில் பத்து ரூபாய்க்குத் தேநீர் தரும் 'உடான் யாத்ரி கஃபே' வந்த பிறகு காத்திருப்பது சற்று மலிவாகியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைத்தேன்.

மதுரை உறுப்பினர்

எல்லோருக்கும் நன்றி. தரைப்பணியில் இருந்த நண்பருக்குத் தனியாக ஒரு செய்தி. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, சென்ற வியாழக்கிழமை மாலை, முதல் குறுஞ்செய்தி வந்தவுடனேயே கவுன்டருக்குப் போய், எப்போது கிளம்பும் என்று கேட்காமல், "எங்கள் விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது, அம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சற்றுத் தயங்கித் திரையைப் பார்த்துவிட்டு, "ராஜமுந்திரியில், சார். இன்னும் கிளம்பவில்லை" என்றார். அங்கிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். இங்கே அரை மணி. அவர்கள் அறிவித்திருந்ததோ நாற்பது நிமிடத் தாமதம். பெட்டியை இறக்கித் தரச் சொன்னேன். அவரே உடன் வந்து கையெழுத்து வாங்கி வெளியே அனுப்பிவைத்தார். சீட்டுப் பணத்தில் வரி மட்டும் திரும்ப வரும் என்று முன்பே எச்சரித்தார், அதன்படியே வந்தது. தாம்பரத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பாண்டியனில் ஏறினேன். திண்டுக்கல் வரும்போது விழித்துக்கொண்டேன். விமானம் அன்றிரவு எத்தனை மணிக்கு மதுரைக்குப் போனது என்று பார்க்கவில்லை.