மார்க்டவுனில் தமிழ்க் கையேடு எழுதியவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து, தொடங்கி வைப்பவர்:

கடைகளுக்கான சரக்குக் கணக்கு மென்பொருள் ஒன்றுக்குத் தமிழில் பயனர் கையேடு எழுதுகிறேன். வீட்டிலிருந்தே வேலை. முன்பு வேர்டில் எழுதினோம். நாலு பேர் கை பட்டால் எழுத்துரு மாறும், இடைவெளி மாறும், யார் எதைத் திருத்தினார்கள் என்றே தெரியாது. போன வருஷம் எல்லாவற்றையும் மார்க்டவுனுக்கு, அதாவது #, * போன்ற குறிகளாலேயே தலைப்பையும் தடித்த எழுத்தையும் காட்டும் எழுத்து முறைக்கு, மாற்றினேன். வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் போட்டதும் வரிக்கு வரி மாற்றம் தெரிகிறது. அந்த நிம்மதியை வார்த்தையில் சொல்ல முடியாது.

ஆனால் முதல் வாரமே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். பொத்தான் பெயர்களை மேற்கோள் போட்டு, தடித்த எழுத்தில் காட்ட நினைத்து இப்படி எழுதினேன்:

`**"சேமி"**யை அழுத்துங்கள்`

எங்கள் தளத்தில் சரியாக வந்தது. அதே கோப்பை, கிட் கோப்புகளை வைக்கும் கிட்ஹப் தளத்தில் திறந்தால் நட்சத்திரக் குறிகள் அப்படியே நிற்கின்றன! கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதாவது புகுந்துவிட்டதோ என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். கோப்பில் ஒரு குறையும் இல்லை. ஜான் குரூபர் 2004இல் ஆரன் ஸ்வார்ட்ஸின் துணையோடு மார்க்டவுனை வெளியிட்டபோது விதிகள் கொஞ்சம் தளர்வாகவே இருந்தன. ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் புரிந்துகொண்டது. அதை ஒழுங்குபடுத்த 2014இல் காமன்மார்க் என்ற பொது விதித்தொகுப்பு வந்தது. கிட்ஹப் அதைப் பின்பற்றுகிறது. அந்த விதிப்படி, மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் மேற்கோள் போன்ற நிறுத்தக்குறி இருந்தால், பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தக்குறியோ வரவேண்டும். நமக்கோ வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வரும். `**"சேமி"**யை` என்பதில் மூடும் நட்சத்திரத்துக்குப் பின்னால் 'யை' நிற்கிறது, அதனால் மூடவில்லை.

மேற்கோளை வெளியே தள்ளி `"**சேமி**"யை` என்று எழுதினால் போதும். மேற்கோளே வேண்டாம் என்றால் `**சேமி**யை` என்பதும் சரியாக வரும். சாய்வெழுத்துக்கு அடிக்கோட்டைத் தொடாதீர்கள். `_சேமி_யை` வராது, `*சேமி*யை` வரும். தமிழுக்கு நட்சத்திரம்தான் தோது.

உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

ஆத்தங்குடியிலிருந்து:

அண்ணே, எங்களுக்கு நேர்ந்தது வரிசை எண்ணில். சொந்தக்காரர் பட்டறையில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்காக, தரைக்கல் செய்முறையைப் படிப்படியாக எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து வை, அதன்மேல் அச்சை வை, பூவின் ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய வண்ணத்தை ஊற்று, அச்சை அசையாமல் தூக்கு, மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவு, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் பண்ணு. மார்க்டவுனில் எல்லா வரிக்கும் `1.` என்றே போட்டால் அதுவே எண்ணிக்கொள்ளும் என்பதால் அப்படித்தான் போட்டேன். நடுவில் ஒரு படி சேர்த்தாலும் மற்ற எண்களைத் திருத்த வேண்டாம்.

மூன்றாம் படிக்குக் கீழே வண்ணம் ஊற்றுகிற படம் ஒன்றை வைத்தேன், இடப்பக்கத்து ஓரத்தை ஒட்டி. அங்கேயே பட்டியல் முடிந்துவிட்டது. அச்சைத் தூக்குவது மறுபடி 1 ஆகிவிட்டது. அச்சுத்தாளில் இரண்டு ஒன்று, இரண்டு இரண்டு, இரண்டு மூன்று. கடைசியில் 'நிறம் கலங்கியிருந்தால் 3ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்கு' என்று வேறு எழுதியிருந்தேன். ஒரு பையன் தாளோடு வந்து, "அக்கா, எந்த மூணு?" என்று கேட்டான். எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. நாம் எழுதியதை நம்பித்தானே அவன் கலவையில் கை வைக்கிறான்.

படத்தையும் குறிப்பையும் அந்தப் படியின் எழுத்துக்கு நேராக உள்ளே தள்ளினால் பட்டியல் அறுபடாது. எத்தனை இடைவெளி என்பதில் கவனம் வேண்டும். காமன்மார்க்குக்கு `1.` என்ற குறிக்கு அப்புறம் எழுத்து தொடங்கும் இடம், அதாவது மூன்று இடைவெளி போதும். மார்க்டவுனை வலைப்பக்கமாக மாற்றும் பைதான் மார்க்டவுன் என்ற கருவிக்கு நான்கு வேண்டும். நான் எல்லா இடத்திலும் நான்கு வைக்கிறேன், இரண்டிலும் நிற்கிறது. இப்போது அச்சுத்தாள் எடுத்துப் பார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை.

கானாடுகாத்தானிலிருந்து:

நான் கணினித் துறை இல்லை. எங்கள் பெரிய வீட்டின் பராமரிப்புக் குறிப்புகளைத் தம்பி மகன் மார்க்டவுனில் எழுதித் தரச் சொன்னான். எந்த மரத்தூணுக்கு எப்போது எண்ணெய் பூசியது, எந்த ஓடு மாற்றியது, மின்கம்பி எந்தச் சுவர் வழியாகப் போகிறது என்று இத்தனையும் ஆச்சி ஞாபகத்தில்தான் இருந்தன. அவர்களுக்கு வயதாகிவிட்டது, எழுதி வைக்காவிட்டால் போய்விடும்.

முதலில் கண்ணுக்கு அழகாக இருக்கிற அளவைப் பார்த்து # குறிகளைப் போட்டேன். வீட்டுக்கு ஒன்று, உடனே அடுப்படிக்கு நான்கு. தம்பி மகன் பார்த்துவிட்டு, "அத்தை, முகப்பைத் தாண்டி, வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டித்தானே அடுப்படிக்குப் போக முடியும்?" என்றான். அன்றைக்குப் புரிந்தது. வீடு #, கட்டு ##, அறை ###, அதிலுள்ள தூணும் கதவும் ####. பொருளடக்கம் தானாகவே வீட்டின் வரிசையில் அமைந்துவிட்டது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வைத்துக்கொண்டு தலைப்பு தலைப்பாகத் தாவிப் போவார்களாம், நடுவில் ஒரு நிலை விட்டுப்போனால் அவர்களுக்கு வழி தப்பிவிடும் என்றும் சொன்னான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பினேன். எந்தச் செயலியும் இல்லாமல், வெறும் எழுத்தாகவே படித்து, இரண்டு தப்பைச் சுட்டிக்காட்டிவிட்டார்.

தேவகோட்டையிலிருந்து:

தமிழ்த் தலைப்புக்கு இணைப்பு கொடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பைதான் மார்க்டவுன் இயல்பு நிலையில் தலைப்பிலுள்ள ஆங்கிலமல்லாத எழுத்தையெல்லாம் உதிர்த்துவிட்டு `_1`, `_2` என்று இணைப்புக்கான பெயர் வைக்கும். நடுவில் ஒரு தலைப்பு சேர்ந்தால் எண் நகர்ந்து, பழைய இணைப்பெல்லாம் வேறு பகுதிக்குப் போய்விடும். பிற மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடு அமைப்பை இயக்கினேன். 'வண்ணக் கலவை' என்ற தலைப்பு `வணணக-கலவ` ஆனது. புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனி எழுத்து இல்லை என்று அது தள்ளிவிடுகிறது. 'அளவு', 'அளவை' இரண்டுமே `அளவ`தான்!

இப்போது ஒவ்வொரு தலைப்பின் கடைசியிலும் நெளிவு அடைப்புக்குள் # போட்டு, சின்ன ஆங்கில எழுத்தில் நானே பெயர் கொடுக்கிறேன். அதற்கான நீட்சியை இயக்கியிருக்க வேண்டும். தலைப்பைப் பிறகு திருத்தினாலும் இணைப்பு அசையாது.

அட்டவணை பற்றி ஒரு வார்த்தை. செங்குத்துக் கோடுகளை நேராக நிறுத்த மெனக்கெடாதீர்கள். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒரே சீராக இருக்காது, எத்தனை இடைவெளி தட்டினாலும் கோணும். வெளியீட்டில் தானாக நேராகிவிடும்.

காரைக்குடியிலிருந்து, தொடங்கி வைத்தவர்:

தேவகோட்டை அண்ணே, உங்கள் பதிவைப் படித்த கையோடு எங்கள் தளத்தைச் சோதித்தேன். நாற்பத்து மூன்று தலைப்புகள், எல்லாமே `_1`, `_2` வகை. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய இணைப்புகளும் அதில் இருக்கின்றன. இன்று ராத்திரி உட்கார்ந்து பெயர் வைக்கப் போகிறேன். ஆத்தங்குடித் தங்கச்சி, உங்கள் செய்முறைத் தாளின் மூலக் கோப்பை அனுப்ப முடியுமா? படத்தை உள்ளே தள்ளிய இடத்தை எங்கள் புதுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.