மஞ்சக்குப்பம் வீடு (குழு): மாடி ஷெட்டுக்கு வாஷர்

*வியாழன், காலை 9:12*

நான்: [படம்] மாடியில் தூண் நிறுத்தியாச்சு. வெல்டர் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மூன்று வாஷர் போடுகிறார். சரியா? பெரியப்பா பாருங்கள்.

செல்வி அத்தை: [படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்]

அப்பா: மூன்று எதற்கு

அக்கா: இவருடைய சிநேகிதர்தான் செய்கிறார். அனுபவம் உள்ளவர்.

பெரியப்பா: அனுபவம் இருக்கட்டும். போல்ட்டுத் தலையைக் கிட்டத்தில் படமெடு.

நான்: [படம்] 8.8 என்று பலத்தின் தர எண் இருக்கிறது. எம்16, அதாவது 16 மி.மீ. தடிமன், நீளம் 65 மி.மீ. கடையில் 50 இல்லையாம்.

பெரியப்பா: அதானே பார்த்தேன். மரை இல்லாத வெறும் தண்டு எவ்வளவு? ஸ்கேல் வைத்துச் சொல்.

நான்: 27 மி.மீ.

பெரியப்பா: போல்ட்டு இறுக்குகிற பிளேட் 10, சேனல் (பள்ளமாக மடிந்த இரும்பு) 8, மொத்தம் 18 மி.மீ.தான். வெறும் தண்டு 9 மி.மீ. அதிகம். நட்டு மரை முடிகிற இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு இறுகின மாதிரி இருக்கும், உள்ளே பிளேட் லொடலொட என்று ஆடும். அந்த 9 மி.மீ. இடைவெளியை நிரப்பத்தான் மூன்று வாஷர். அதற்குப் பதில் 50 நீளம் வாங்கினால் ஒரு வாஷரே போதும்.

குமார் மாமா: ஞாயிறு காதுகுத்து. இன்றைக்கு வியாழன். ஞாபகப்படுத்துகிறேன்.

சித்தி: ஷெட் முடியாவிட்டால் சாமியானா போட்டுவிடலாமே

அம்மா: சாமியானாவுக்கு முன்பணம் கேட்பார்கள்

செல்வி அத்தை: பலாப்பழம் எத்தனை வேண்டும்? இங்கே பண்ருட்டியில் இன்றைக்குச் சொன்னால்தான் ஞாயிறுக்குக் கனியும்.

பெரியப்பா: பலாப்பழம் அப்புறம். முதலில் வாஷர். எல்லா போல்ட்டுக்கும் வாஷர் கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. துளை சரியான அளவு, அதாவது எம்16க்கு 18 மி.மீ., பரப்பு சமம், ஸ்பேனரை ஒரு ஆள் முழு பலத்தில் இழுத்து இறுக்கினால் போதும் என்கிற மூட்டு, இப்படி இருந்தால் வாஷர் இல்லாமலும் விடலாம். அமெரிக்கக்காரன் விதியே அப்படித்தான். ஆனால் டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்கும் விசையை அளக்கிற ஸ்பேனர், வைத்துப் போல்ட்டை விறைக்க இழுத்து இழுவிசை கொடுக்கிற மூட்டு என்றால், எதைத் திருகுகிறோமோ அதன் அடியில் வாஷர் இருந்தே ஆகவேண்டும். நட்டைத் திருகினால் நட்டுக்கு அடியில், தலையைத் திருகினால் தலைக்கு அடியில். அதுவும் சூடேற்றிக் கெட்டிப்படுத்திய வாஷர், இந்தியத் தர எண் ஐ.எஸ். 6649. சாதா வாஷர் நட்டின் விளிம்பு பட்டுக் குழியும். குழிந்தால் இழுவிசை போச்சு.

அப்பா: படித்தேன்

அக்கா: பெரியப்பா, நாலு தூண் ஷெட்டுக்கு நெய்வேலி அனல்மின் நிலையக் கணக்கா?

பெரியப்பா: தானே புயல் நெய்வேலிக்கு ஒரு கணக்கு, மஞ்சக்குப்பத்துக்கு ஒரு கணக்கு என்றா பார்த்தது? 2011 டிசம்பர் 30 விடிகாலை நம் மாடி எப்படி இருந்தது என்று உன் அப்பாவைக் கேள்.

செல்வி அத்தை: அந்த ஷெட் போட்டது யாரு அண்ணே?

குமார் மாமா: ஹாஹா

சித்தி: செல்வி இன்னும் மறக்கவில்லை

பெரியப்பா: பறந்தது ஷீட்டு. தூண் நின்றதா இல்லையா?

அப்பா: நின்றது. ஷீட்டு பக்கத்து வீட்டுத் தென்னையில் இருந்தது. எடுத்து வந்த கூலி நான் கொடுத்தேன்.

பெரியப்பா: அந்தக் கூலிக் கணக்கைக் குழுவில் பேசவேண்டாம்

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அம்மா: என்ன நீக்கினீர்கள்?

அப்பா: ஒன்றுமில்லை. பழைய ஷெட் போல்ட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. ஜி.ஐ., துத்தநாகம் பூசினது. துருவே இல்லை. அதைப் போடலாமே என்று எழுதினேன்.

பெரியப்பா: போடாதே. துத்தநாகம் பூசின ஹைடென்சைல் (அதிக பல) போல்ட்டை ஒருமுறை முழுசாக இழுத்து இறுக்கினால் அதோடு சரி, மறுபடி ஆகாது. பாட்டிலைக் கழுவி ஊறுகாய் போடு.

நான்: பெரியப்பா, வெல்டர் ஸ்பிரிங் வாஷர் வேண்டுமா என்கிறார். கடல் காற்றுக்கு நட்டு கழலாமல் இருக்குமாம்.

பெரியப்பா: இந்த இழுவிசைக்கு ஸ்பிரிங் வாஷர் சப்பையாகி வெறும் வளையமாகிவிடும், அப்புறம் அதில் ஏது ஸ்பிரிங்? வேண்டாம் என்று சொல். நீ இன்னொன்று செய். சேனலில் போல்ட்டு மாட்டின இடத்தில், சேனலின் உள்பக்கம், நட்டுக்கும் இரும்புக்கும் நடுவே நகத்தை விட்டுப் பார்.

நான்: ஒரு பக்கம் முட்டுகிறது. இன்னொரு பக்கம் நகம் உள்ளே போகிறது.

பெரியப்பா: ஐ.எஸ்.எம்.சி. என்கிற இந்த வகைச் சேனலின் ஓரம் உள்பக்கம் சரிவாக இருக்கும், 6 டிகிரி. இருபதுக்கு ஒன்று, சுமார் 3 டிகிரி, அதற்கு மேல் சரிந்தால் டேப்பர் வாஷர், அதாவது ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த வாஷர், வைக்கவேண்டும். இல்லாவிட்டால் நட்டு ஒரு விளிம்பில் உட்காரும், போல்ட்டு வளையும். தட்டை வாஷர் மூன்று இல்லை, முப்பது அடுக்கினாலும் அந்தச் சரிவு போகாது.

அக்கா: இவர் வெல்டரிடம் பேசிவிட்டார். டேப்பர் வாஷர் கடலூரில் கிடைக்கவில்லையாம்.

குமார் மாமா: நான் பாண்டி போய் வாங்கி வருகிறேன். தட்டாஞ்சாவடிப் பக்கம் கிடைக்கும்.

அம்மா: தம்பி, வாஷர் மட்டும்

செல்வி அத்தை: வாஷர் வாங்கத்தான் போகிறார், நம்புங்கள்

சித்தி: போன தடவை ஃப்யூஸ் ஒயர் வாங்கப் போனவர் ராத்திரிதான் வந்தார்

குமார் மாமா: ஒரு நல்லது செய்ய விடமாட்டீர்களா

நான்: தூணின் அடிபிளேட்டில் துளையை கேஸ் கட்டிங்கில் நீளமாக இழுத்துவிட்டார்கள். தளத்தில் பதித்த ஆங்கர் போல்ட்டோடு சேரவில்லையாம். [படம்]

பெரியப்பா: இது துளையா, வாய்க்காலா? தூணை யார் அளந்தது?

அக்கா: பெரியப்பா ப்ளீஸ்

பெரியப்பா: சரி. அந்த நீளத்துக்குச் சாதா வாஷர் உள்ளே அமுங்கும். 8 மி.மீ. பிளேட்டில் துளை போட்டு, வாய்க்கால் முழுசும் மூடுகிற மாதிரி வைக்கச் சொல். மீதியை வந்து பேசுகிறேன்.

அப்பா: வருகிறாயா அண்ணே?

பெரியப்பா: மாடியில் எனக்கும் பாதி பங்கு இருக்கிறது

அம்மா: மத்தியானம் சாப்பாடு இங்கேதான் மாமா. கத்தரிக்காய் காரக்குழம்பு.

*காலை 11:40*

குமார் மாமா: கன்னியக்கோயில் தாண்டிவிட்டேன். டேப்பர் எத்தனை? 50 நீள போல்ட்டு எத்தனை?

நான்: வெல்டர் 12 என்கிறார்

பெரியப்பா: 16

அக்கா: இவர் 12 போதும் என்கிறார்

பெரியப்பா: மாப்பிள்ளை எண்ணினாரா, கேட்டுச் சொல்கிறாரா?

குமார் மாமா: 20 வாங்குகிறேன். மீதியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுங்கள்.

சித்தி: சாமியானா சொல்லவா வேண்டாமா, யாராவது ஒருத்தர் சொல்லுங்கள்

அப்பா: நாளைக்குப் பார்ப்போம்

செல்வி அத்தை: அண்ணே, பலாப்பழம்?