கோடிங் பூட்கேம்ப் போய் வேலை மாறியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒன்பது வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். மாதக் கடைசியில் மூன்று நாள் பிடிக்கும் ஒரு வேலையை, எக்ஸெலில் மேக்ரோ (ஒரே வேலையைத் தானே திரும்பச் செய்யும் சின்ன நிரல்) எழுதப் பழகி நாற்பது நிமிடத்தில் முடித்த அன்றைக்குத்தான் இந்த ஆசை வந்தது. நிரல் எழுதுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டால் என்ன? ஒரு வருடம் யோசித்துவிட்டு 14 வார முழுநேரப் பூட்கேம்ப்பில், அதாவது குறுகிய காலத்தில் நிரல் எழுதக் கற்றுத்தரும் தீவிரப் பயிற்சியில், சேர்ந்தேன். அப்போது வயது 32. முடித்து இரண்டு வருடம் ஆகிறது; இன்று மென்பொருள் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் இணையப் பக்கத்தை அமைக்கவும் அழகாக்கவும் உதவும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ். வேகமாகப் போனது. மூன்றாவது வாரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி வந்ததும் கால் தடுக்கியது. மதிப்பெண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தும் சின்னப் பயிற்சி. அதற்கென்றே சார்ட் என்ற கட்டளை இருக்கிறது. 9, 80, 100 என்று வரவேண்டியது எனக்கு 100, 80, 9 என்று வந்தது. தலைகீழாகத்தானே இருக்கிறது என்று கடைசியில், வரிசையைத் திருப்பிப் போடும் ரிவர்ஸ் கட்டளையைப் போட்டேன். சரியாகிவிட்டது. நிம்மதியாகக் கொடுத்துவிட்டேன். பயிற்றுநர் அதே நிரலுக்கு 62, 45, 78 கொடுத்துப் பார்த்தார். 78, 62, 45 என்று வந்தது.

இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவர் விடையைச் சொல்லவில்லை. “சார்ட் எதை எதோட ஒப்பிடுதுன்னு படிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். எம்டிஎன் என்ற இணைய வழிகாட்டி ஆவணத்தை எடுத்துப் படித்தேன். நாம் வேறு விதி கொடுக்காவிட்டால் அது எண்களையும் எழுத்துகளாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது. அகராதியில் சொல் தேடுவதுபோல முதல் குறியைப் பார்க்கும்: 1 முன்னால், 8 அடுத்து, 9 கடைசி. அதனால்தான் 100 முதலில் வந்து நின்றது. என் ரிவர்ஸ் அந்த மூன்று எண்ணுக்கு மட்டும் தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது. ஏன் சரியானது என்று தெரியாமல் சரியாகிப் போன நிரலை நம்பக்கூடாது என்பது அன்று எனக்குள் பதிந்தது. இன்றுவரை அதை விடவில்லை.

அங்கே ஒரு பழக்கம் கட்டாயம். உதவி கேட்கும் முன் மூன்று வரி எழுத வேண்டும்: நான் என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, இதுவரை என்ன செய்து பார்த்தேன். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. ஆறாவது வாரத்துக்குள் பாதிக் கேள்விகளுக்கு மூன்றாவது வரி எழுதும்போதே விடை கிடைக்க ஆரம்பித்தது. பூட்கேம்ப் எனக்குத் தந்ததிலேயே பெரியது இதுதான். மொழியும் ஃபிரேம்வொர்க்கும் (நிரல் எழுதத் தயாராகக் கிடைக்கும் சட்டகம்) எங்கேயும் படித்துக்கொள்ளலாம். சிக்கி நிற்கும்போது பதறாமல் அடுத்த அடி வைக்கிற பழக்கம், பக்கத்தில் ஒருவர் நின்று திருத்தாமல் எனக்கு வந்திருக்காது.

சர்வர், தரவுத்தளம் எல்லாம் அடுத்த வாரங்களில். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் எனக்குச் சுலபமாக வந்தது. எக்ஸெலில் பிவட் டேபிள் போட்டுத் தொகுத்துப் பழகியவர்களுக்கு, அதில் தரவைக் குழுவாகத் தொகுக்கும் குரூப் பை புதிதல்ல.

அப்புறம் குழு புராஜெக்ட். 11ஆவது வாரம், இரவு பத்து மணி. குழுவில் எல்லாரும் எழுதுவதை ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு மாற்றத்தையும் கமிட் என்ற பதிவாக வைத்திருக்கும் கருவி கிட். அதில் என் மாற்றங்கள் ஏற மறுத்தன. அவசரத்தில் ஃபோர்ஸ் புஷ் கொடுத்தேன், அதாவது அங்கே இருந்ததன் மேல் என்னுடையதை வலுக்கட்டாயமாக ஏற்றினேன், அதுவும் எல்லாருக்கும் பொதுவான மெயின் கிளையில். என்னைவிடப் பத்து வயது சின்னவன், எங்கள் குழுவில் இருந்த தம்பி, ரெப்போவில் (குழுவின் பொதுச் சேமிப்பில்) இருப்பதுபோலவே தன் கணினியையும் ரீசெட் செய்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது: “அக்கா, நான் ரெண்டு நாளா எழுதின பக்கம் மொத்தமும் காணோம்.” எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் தவறு என்று உடனே சொன்னேன். இரண்டு பேரும் திரையைப் பகிர்ந்துகொண்டு தேடினோம். ரெஃப்லாக் என்ற கட்டளை அப்போதுதான் தெரிய வந்தது. எந்தக் கிளையிலும் இல்லாமல் போன கமிட்டைக்கூட, அமைப்பை நாம் மாற்றாதவரை, 30 நாள் போலக் கிட் அந்தக் கணினியில் நினைவு வைத்திருக்கும். அவனுடைய பட்டியலில் எல்லாம் அப்படியே இருந்தது. இன்று என் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான். கூடவே மெயின் கிளையில் ஃபோர்ஸ் புஷ்ஷைப் பூட்டிவைக்கும் அமைப்பையும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தரவுக் கட்டமைப்பும் அல்காரிதமும் ஒரே மதியத்தில் முடிந்தன. நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் எழுதுவது இரண்டு நாள். பாதுகாப்பு ஏறக்குறைய இல்லை. அதன் விலையை நேர்காணல்களில் கொடுத்தேன். ஒவ்வொன்றும் அடுத்ததைச் சுட்டும் பட்டியலான லிங்க்டு லிஸ்டைத் திருப்பிப் போடச் சொன்னார்கள், எழுதத் தெரியவில்லை. இப்படி நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் ஹார்வர்டின் அறிமுகக் கணினி அறிவியல் வகுப்பான சிஎஸ்50 பாடங்களை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், இலவசம்தான். நினைவகம், பாயின்டர் (நினைவகத்தில் ஒன்று இருக்கும் முகவரி), சிக்கல்தன்மை (தரவு கூடக் கூட நிரலுக்கு எவ்வளவு நேரம் கூடும் என்பது) எல்லாம் அங்கேதான் புரிந்தது. பூட்கேம்ப் முடிந்ததும் வேலை என்று கணக்குப் போட்டுக் கையிருப்பு வைக்காதீர்கள். முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் ஓட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்த நேர்காணல் வேறு மாதிரி இருந்தது. உடைந்த நிரல் ஒன்றைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சரிசெய்யச் சொன்னார்கள். பில் தொகைகளைக் கூட்டும் நிரல். கூட்டுத்தொகையில் கடைசி இலக்கம் பிசகியது. ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பத்தில் ஒன்றை, 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாததால் வருவது. பணத்தை அப்படி வைக்கக்கூடாது, ஆகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாக வைக்க வேண்டும் என்றேன். எங்கே ரவுண்ட் செய்வது, வரித்தொகையில் வரும் வித்தியாசத்தை பில்லின் எந்த வரிசையில் சேர்ப்பது என்று அரை மணி நேரம் பேசினோம். ஒன்பது வருடக் கணக்கு வேலை வீண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்னை உட்காரவைத்துப் பேச வைத்ததே அதுதான்.

* * *

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். படித்த இடத்திலேயே எட்டு மாதம் உதவிப் பயிற்றுநராக இருந்தேன். மேலே சொன்ன அந்த மூன்று வரிப் பழக்கம் நூற்றுக்கு நூறு உண்மை.

சேருவதற்கு முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். இத்தனை சதவீதம் பேருக்கு வேலை என்கிறார்களே, அதில் யார் யாரைச் சேர்த்து எண்ணினார்கள்? நான் உதவிப் பயிற்றுநராக இருந்தபோது என்னையும் ‘துறையில் வேலை பெற்றவர்’ பட்டியலில் போட்டிருந்தார்கள். பாதியில் விலகியவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அந்த எண்ணைக் காட்டித்தான் அடுத்த அணியைச் சேர்த்தார்கள். அது என் மனதை உறுத்தியதால்தான் வெளியே வந்தேன். சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், ஆறு மாதத்துக்குள் வெளியில் நிரலாளராகச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் பழைய மாணவர்கள் நான்கு பேரை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

இன்னொன்று. சாட்ஜிபிடி வந்த பிறகு பயிற்சிகள் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. ஆனால் “இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது?” என்று கேட்டால் பலர் மௌனமாகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், 14 வாரத்தில் எல்லாருக்கும் அவசரம். முதலில் நீங்களே அரை மணி நேரம் முட்டி மோதிவிட்டு அப்புறம் அதனிடம் கேளுங்கள். கிடைத்த விடையை மூடிவைத்துவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள்.

* * *

எனக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். முழுநேர வகுப்பில் சேர்ந்து ஐந்தாவது வாரத்தில் விலகினேன். ஒரு நாள் விட்டால் மூன்று நாள் பின்தங்குவோம் என்று யாரும் சொல்லவில்லை.

‘வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். விலகும்போதுதான் முழுதாகப் படித்தேன். பாதியில் போனாலும் படித்த வாரங்களுக்குக் கட்ட வேண்டும். குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் எந்த வேலை கிடைத்தாலும் அது கணக்கில் வரும், நிரல் வேலையாக இருக்க வேண்டியதில்லை. என் பழைய வேலைக்கே திரும்பிப் போயிருந்தாலும் பணம் பிடித்திருப்பார்கள். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: எவ்வளவு சம்பளத்திலிருந்து தொடங்குகிறது, எத்தனை மாதம், மொத்தத்தில் அதிகபட்சம் எவ்வளவு, விலகினால் என்ன. நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தி ஓடின் புராஜெக்ட் என்ற நிரல் பாடத்திட்டத்தில் படிக்கிறேன். தனியாக இருந்தால் மூன்றாவது வாரத்தில் விட்டிருப்பேன். அந்த வகுப்பில் கிடைத்த தோழி ஒருத்தி, அவளும் விலகியவள்தான், தினமும் இரவு ஒன்பதரைக்கு வீடியோ அழைப்பில் வருவாள். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம். அதில் பாதி நேரம் பேசவே மாட்டோம், அவரவர் எழுதிக்கொண்டிருப்போம். 31ஆவது வாரம் நடக்கிறது. நேற்று இரவு லாகின் பக்கம் முதன்முறையாக வேலை செய்தது. அவள் கணினியிலிருந்து என் தளத்தில் கணக்குத் தொடங்கி உள்ளே வந்தாள். தரவுத்தளத்தில் அவள் பெயர் இரண்டாவது வரியாக வந்து உட்கார்ந்தது.